சேத்துப்பட்டில் எழுந்த இரண்டாவது கேள்வி

புதுக்கோட்டை மாவட்டத்தின் கீழ்க்கரையில், பாக் நீரிணையை நோக்கி அமைந்த ஊர் ஜெகதாப்பட்டினம். மீன்பிடித் தொழிலே அவ்வூருக்கு உயிர். வாரத்தின் நாள்களை விசைப்படகுகளுக்கும் நாட்டுப்படகுகளுக்குமாகப் பங்கிட்டு, இன்ன நாளில் இன்னார் கடலேறுவது என்று முறை வகுத்துக்கொண்ட கரை அது. அக்கரையில், 1950ஆம் ஆண்டளவில், வலையிழுக்கும் ஒருவருக்குக் காசநோய் கண்டது என்று வைத்துக்கொள்வோம். அந்நாளில் ஜெகதாப்பட்டினம் தஞ்சை மாவட்டத்து அறந்தாங்கி வட்டத்தைச் சேர்ந்திருந்தது. புதுக்கோட்டை தனி மாவட்டமானது 1974இல்தான். நோயாளிக்கு வைத்தியர் என்ன சொல்லியிருப்பார்? சானடோரியத்திற்குப் போ, ஓராண்டேனும் படுத்திரு, பாலும் முட்டையும் இறைச்சியும் உண், நல்ல காற்றை வாங்கு என்றுதான் சொல்லியிருப்பார். தாம்பரத்தில் ஒரு சானடோரியம் இருந்தது. மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் மற்றொன்று இருந்தது. கடற்காற்றுக்குக் குறைவே இல்லாத ஊரிலிருந்து ஒருவன் காற்று வாங்குவதற்காக ஏறத்தாழ 400 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அவன் அங்கே படுத்திருக்கும் ஓராண்டில் வீட்டில் உலை வைப்பது யார்? அப்படியே போனாலும் படுக்கை கிடைப்பது அரிது. நாடு முழுவதிலும் நோயாளிகள் பல இலட்சம். படுக்கைகளோ சில ஆயிரம்.

இந்நிலையை மாற்றிய ஆராய்ச்சி ஒன்று சென்னைச் சேத்துப்பட்டில் நடைபெற்றது. அதன் முதற்பகுதி பலரும் அறிந்த கதை. இரண்டாம் பகுதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மாணவர்களாகிய உங்களுக்கு அந்த இரண்டாம் பகுதியையே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஆயினும் முதற்பகுதி தெரியாமல் இரண்டாவது விளங்காது.

காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் என்ற ஜெர்மானிய அறிஞர் 1882இல் கண்டறிந்தார். கிருமி தெரிந்த பின்னும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் அதனைக் கொல்லும் மருந்து கிடைக்கவில்லை. 1940களில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. பாரா அமினோ சாலிசிலிக் அமிலம் என்ற, சுருக்கமாகப் ‘பாஸ்’ என அழைக்கப்பட்ட மருந்தும் வந்தது. 1952இல் ஐசோனயாசிட் வந்து சேர்ந்தது. ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் சோதித்த முறை வைத்திய வரலாற்றில் ஒரு திருப்பமாகும். மருந்து போதிய அளவில் கிடைக்காத காலம் அது. ஆகவே நோயாளிகளுள் யாருக்கு மருந்து, யாருக்குப் படுக்கை ஓய்வு மட்டும் என்பதை வைத்தியரின் விருப்பத்திற்கு விடாமல், சீட்டுக் குலுக்குவதைப் போன்ற எண் கணக்கால் முடிவு செய்தனர். ஆறு மாதத்திற்குள் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்தனர். ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர் இறந்தனர். 1948இல் வெளிவந்த இம்முடிவுக்குப் பின், மருந்து ஒன்று பயன்படுமா என்று கேட்பவர் எவரும் இவ்வழியைப் புறக்கணிக்க இயலாமற்போயிற்று.

1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் நிறுவப்பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நால்வரும் அதில் கூடினர். ஐந்தாண்டுத் திட்டமாகவே அது தொடங்கியது. வாலஸ் பாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் தலைமை ஏற்றார். அவர் கேட்ட முதற்கேள்வி எளியது: நோயாளி தன் வீட்டிலேயே இருந்துகொண்டு, வாயால் உட்கொள்ளும் மருந்துகளால் மட்டும் குணமடைய முடியுமா?

சென்னை நகரத்து வறியவர்களுள் 200க்குச் சற்றுக் குறைந்த நோயாளிகளைத் தேர்ந்து, ஒரு சாராரைச் சானடோரியத்திற்கு அனுப்பினர். மற்றவரை வீட்டிலேயே விட்டனர். இரு சாராருக்கும் ஐசோனயாசிடும் பாஸும் ஓராண்டுக்கு அளிக்கப்பட்டன. வீட்டில் இருந்தவர்கள் நெருக்கமான குடிசைகளில், கிடைத்ததை உண்டு, பெரும்பாலும் நடமாடிக்கொண்டே இருந்தனர். ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் இருந்தவருள் நூற்றுக்கு 92 பேருக்கும், வீட்டில் இருந்தவருள் நூற்றுக்கு 86 பேருக்கும் சளியில் கிருமி அடங்கியிருந்தது. வீட்டாருக்கு நோய் தொற்றுமே என்ற அச்சமும் மெய்ப்படவில்லை. இரு சாராரின் குடும்பங்களிலும் தொற்று ஏறக்குறைய ஒரே அளவுதான். 1959இல் இம்முடிவு வெளியாயிற்று. 1962இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையையே அடிப்படையாகக் கொண்டது. நமது கடற்கரை ஊர்க்காரர் தாம்பரத்திற்குப் போகாமலே பிழைக்கலாம் என்றாயிற்று.

இங்கே நின்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பணம் கொடுத்தவர் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் சேத்துப்பட்டில் இருந்தவர்கள் மற்றொரு கேள்வியும் கேட்டனர். குணமடைந்தவர் ஏன் குணமடைந்தார்? அதைவிட முக்கியமாக, குணமடையாதவர் ஏன் குணமடையவில்லை?

இக்கேள்வி வேறு வகைப்பட்டது. முதற்கேள்விக்கு விடை எண்ணிக்கையில் இருக்கிறது. இரண்டாவதற்கு விடை குருதியிலும் ஈரலிலும் கிருமியின் உடலிலும் இருக்கிறது. அதற்கு இரசாயன வல்லுநரும், கிருமி வல்லுநரும், கின்னிப்பன்றிகளும், குளிர்ப்பெட்டிகளும் வேண்டும். இவையெல்லாம் செலவு. உலகெங்கும் இருந்துவரும் வழக்கம் யாதெனில், சிகிச்சைச் சோதனைக்குப் பணம் தருபவர் ஒருவர், சோதனைச்சாலை ஆராய்ச்சிக்குப் பணம் தருபவர் வேறொருவர். முன்னவர் ‘எத்தனை பேர் பிழைத்தனர்?’ என்று கேட்டுக் கணக்கை மூடிவிடுவார். பின்னவர் நோயாளியைப் பார்ப்பதே இல்லை. இரு பைகளுக்கும் நடுவில், சோதனை முடிந்தபின் குருதிக்குப்பிகள் குப்பைக்குப் போகும்.

கணக்குப் பார்க்கத் தெரிந்த எவருக்கும் இது வியப்பாகவே இருக்கும். ஒரு சிகிச்சைச் சோதனையில் பெருஞ்செலவு எதற்கு ஆகிறது? நோயாளியைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கு, அவர் இசைவைப் பெறுவதற்கு, ஓராண்டு முழுவதும் விடாமல் பின்தொடர்வதற்கு ஆகிறது. சேத்துப்பட்டு நிலையத்தார் முன்னறிவிப்பின்றி வீடு தேடிச் சென்று, எஞ்சியுள்ள மாத்திரைகளை எண்ணிப் பார்த்தனர். சிறுநீரைச் சோதித்து மருந்து உட்கொள்ளப்பட்டதா என்று அறிந்தனர். இத்தனையும் ஏற்கெனவே செய்தாயிற்று. அந்நோயாளியிடமிருந்து இன்னும் சிறிது குருதி எடுத்துச் சோதிக்க ஆகும் செலவு, மொத்தச் செலவில் ஒரு சிறு பங்கே. ஆனால் அச்சிறு பங்கைத் தனியே பெற முயன்றால், அதே நோயாளிகளை மறுபடியும் முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும். சென்னையில் வாய்ப்பாக, சிகிச்சையகமும் சோதனைச்சாலையும் ஒரே நிலையத்திற்குள் ஒரே திட்டத்தின் கீழ் இருந்தன.

இரண்டாவது சோதனை ஐசோனயாசிடைப் பற்றியது. பாஸ் கசப்பானது, நாளொன்றுக்குப் பல கிராம் விழுங்க வேண்டும், வயிற்றைக் கலக்கும், விலையும் கூடுதல். அதனை விட்டுவிட்டு ஐசோனயாசிட் மட்டும் கொடுத்தாற் போதுமா என்று பார்த்தனர். ஒரு பிரிவினருக்குப் பாஸோடு சேர்த்து. மற்ற மூன்று பிரிவினருக்குத் தனி ஐசோனயாசிட். அம்மூன்றனுள் இரண்டில் ஒரு நாளைய மொத்த அளவு ஒன்றே. வேறுபாடு யாதெனில், ஒரு பிரிவார் அதனை ஒரே வேளையில் உட்கொண்டனர். மற்றவர் இரு வேளைகளாகப் பிரித்து உட்கொண்டனர்.

அக்காலத்து வைத்திய நூல்களைக் கற்றவர் எவரும் இரு வேளையே நல்லது என்றுதான் சொல்லியிருப்பார். குருதியில் மருந்தின் அளவு விழுந்துவிடாமல் இரவும் பகலும் நிலைநிற்க வேண்டும் என்பது அன்றைய கொள்கை. 1960இல் வெளிவந்த முடிவு அதற்கு நேர்மாறாக இருந்தது. இரு மருந்துகளும் சேர்ந்த சிகிச்சையே முதலிடம் பெற்றது. ஆனால் தனி ஐசோனயாசிட் பெற்றவர்களுள், ஒரே வேளையில் உட்கொண்டவர்கள் இரு வேளையில் உட்கொண்டவர்களைவிடச் சிறந்து விளங்கினர். அதே மருந்து, அதே அளவு. பலன் மட்டும் வேறு.

கங்காதரம் என்ற இரசாயன வல்லுநரும் அவர்தம் தோழர்களும் இங்கேதான் வருகின்றனர். நோயாளியின் குருதிநீர் காசநோய்க் கிருமியின் வளர்ச்சியை எவ்வளவு தடுக்கிறது என்பதைக் கொண்டு, அதில் எவ்வளவு ஐசோனயாசிட் இருக்கிறது என்று அவர்கள் அளந்தனர். ஒரு வேளையாக உண்டவரின் குருதியில் மருந்து உயர்ந்து எழுந்து பின் தாழ்ந்தது. இரு வேளையாக உண்டவரின் குருதியில் அவ்வளவு உயரம் எழவில்லை. ஆனால் நெடுநேரம் நின்றது. கிருமியை வெல்வது நெடுநேரம் நிற்கும் மருந்தன்று, உயர்ந்தெழும் மருந்தே என்பது இதனால் புலனாயிற்று. பின்னர், 1966இல், இலண்டனில் டிக்கின்சன், மிச்சிசன் ஆகிய இருவரும் சோதனைக் குழாயில் இதனை வேறொரு வழியால் விளக்கினர். ஐசோனயாசிடில் ஒரு நாள் நனைந்த கிருமி, மருந்தைக் கழுவி அகற்றிய பின்னும் சில நாள்கள் வளராமல் திகைத்து நிற்கிறது. அப்படியானால் நாள்தோறும் மருந்து கொடுப்பதுகூடக் கட்டாயமில்லை என்று தோன்றுகிறதல்லவா? சேத்துப்பட்டில் அதையும் சோதித்திருந்தனர். வாரம் இருமுறை, ஊழியர் கண்ணெதிரிலேயே, ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் உயர்ந்த அளவு ஐசோனயாசிடும் கொடுத்தனர். வீட்டில் நாள்தோறும் தாமே உண்டவருக்கு இது எவ்வகையிலும் தாழ்ந்ததாக இல்லை என்று 1964இல் அறிவித்தனர்.

நமது கரைக்காரரை நினைத்துப் பாருங்கள். நாள்தோறும் மருத்துவமனை வாசலில் நிற்பது கடலேறுபவருக்கு ஆகாத காரியம். படகு ஏறாத நாளில் வந்து போவது ஆகும்.

வாரம் இருமுறை போதுமென்றால், வாரம் ஒருமுறை போதாதா? நிர்வாகத்தார் எவருக்கும் இவ்வாசை எழும். அதையும் சோதித்தனர். அங்கே சிகிச்சை சிலரிடம் தடுமாறியது. நேயர்களே, நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடம் இதுவே.

மருந்து தவறிய இடத்தில் உலகம் முதலில் யாரைக் குற்றம் சாட்டும்? நோயாளியைத்தான். அவன் மாத்திரையை ஒழுங்காக விழுங்கியிருக்க மாட்டான், குடித்திருப்பான், ஊர் சுற்றியிருப்பான் என்று சொல்வது எளிது. ஏழையாக இருந்துவிட்டால் மேலும் எளிது. காரணம் தெரியாத தோல்வி எல்லாம் எழுத்தறிவில்லாதவன் கணக்கில் எழுதப்படுவதே வழக்கம்.

சேத்துப்பட்டில் அவ்வாறு எழுத முடியவில்லை. ஏனெனில் வேறொரு செய்தி அவர்கள் கையில் முன்பே இருந்தது. ஐசோனயாசிட் உடலுக்குள் சென்றதும், ஈரலில் உள்ள ஒரு நொதி அதனோடு அசிட்டைல் என்ற தொகுதியைப் பிணைத்துப் பயனற்றதாக்கி விடுகிறது. இவ்வேலையைச் சிலருடைய ஈரல் விரைந்து செய்கிறது. சிலருடையது மெல்லச் செய்கிறது. விரைவினரின் குருதியில் மருந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்திற்குள் பாதியாகிவிடும். மெல்லியவருக்கு அதற்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். இது பரம்பரையாக வருவது என்று எவான்ஸ், மான்லி, மக்குசிக் ஆகியோர் 1960இல் உறுதியாகக் காட்டினர். தென்னிந்தியரில் நூற்றுக்கு ஏறத்தாழ 60 பேர் மெல்லியவர், எஞ்சியவர் விரைவினர். ஒரே வீட்டில், ஒரே சோற்றை உண்ணும் அண்ணன் தம்பியருள்ளும் ஒருவர் இவ்வகையாகவும் மற்றவர் அவ்வகையாகவும் இருக்கக்கூடும். பார்த்துச் சொல்ல இயலாது, சோதித்தே அறியலாம்.

1961இல் சேத்துப்பட்டார் இதனைத் தங்கள் நோயாளிகளிடம் பொருத்திப் பார்த்தனர். தனி ஐசோனயாசிட் பெற்றவருள் மெல்லியவர் நன்கு தேறினர், விரைவினர் பின்தங்கினர். பாஸும் சேர்த்துப் பெற்றவரிடையே அவ்வேற்றுமை பொருட்படுத்தத் தக்கதாக இல்லை. வாரம் ஒருமுறைச் சிகிச்சையில் தடுமாறியவர் யார் என்பதும் இதனால் விளங்கிற்று. விரைவினரே அவர்கள். ஊழியர் கண்ணெதிரில் ஒரு மாத்திரையும் தவறாமல் விழுங்கியும், அவர்கள் உடல் மருந்தைச் சில மணி நேரத்தில் அழித்துவிட்டது. அடுத்த வாரம் வரும்வரை கிருமிக்கு ஓய்வு கிடைத்தது. குற்றம் நோயாளியின் ஒழுக்கத்தில் இல்லை. அவன் பிறப்போடு வந்த ஒரு நொதியில் இருந்தது. இதனை அறிந்தபின், மருந்தை மெதுவாகக் கசியவிடும் மாத்திரை செய்தால் விரைவினருக்கு உதவுமா என்றுகூட ஆராய்ந்தனர்.

மெல்லியவருக்கு வேறு துன்பம் வந்தது. உயர்ந்த அளவில் ஐசோனயாசிட் பெற்றவருள் சிலருக்குக் கையும் காலும் எரிந்தன, மரத்தன. வலைக் கயிற்றைப் பிடித்து வாழ்பவருக்கு இது சிறிய துன்பமன்று. மருந்து உடலில் நெடுநேரம் தங்கும் மெல்லியவரிடமே இந்நரம்பு நோய் மிகுதியாகக் காணப்பட்டது. பிரிடாக்சின் எனப்படும் ஆறாம் ‘பி’ வைட்டமினை மிகச் சிறிய அளவில் சேர்த்துக் கொடுத்தாலே அதைத் தடுக்கலாம் என்று கண்டனர். இன்றும் காசநோயாளிக்கு அவ்வைட்டமினை எழுதித் தரும் வழக்கம் உண்டு.

வேறு கிளைகளும் முளைத்தன. நோயாளிகளின் சளியிலிருந்து வளர்த்த கிருமிகளைக் கின்னிப்பன்றிகளுக்கு ஏற்றிப் பார்த்தபோது, தென்னிந்தியக் கிருமிகளுள் பல, ஆங்கில நாட்டுக் கிருமிகளைவிட வீரியம் குறைந்தவையாக இருந்தன. இதனை மிச்சிசன் முதலியோர் 1960இல் எழுதினர்.

உணவைப் பற்றிய ஆராய்ச்சியை மட்டும் அப்படி விரைந்து கடக்க முடியாது. முதற்சோதனையில் சானடோரியத்தார் வீட்டில் இருந்தவரைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு எடை கூடினர். ஆயினும் கிருமி அடங்குவதில் இரு சாராருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இராமகிருஷ்ணனும் பிறரும் நோயாளிகள் உண்டவற்றைக் கணக்கிட்டு ஆராய்ந்து, நல்ல மருந்து கிடைக்கும்போது கிருமியை அடக்குவதற்கு உயர்ந்த உணவு இன்றியமையாததன்று என்று 1961இல் முடிவு கூறினர். வறியவருக்கு அது விடுதலைச் செய்தி. முட்டைக்கும் பாலுக்கும் வழியில்லை என்பதற்காகச் சிகிச்சையை மறுக்க இனி முடியாது. ஆனால் நல்ல செய்தியைத் தவறாகப் படிப்பதும் உலக இயல்பு. உணவு சிகிச்சைக்குத் தடையாகாது என்பதை, உணவே தேவையில்லை என்று பலர் வாசித்துவிட்டனர் என்றே நான் கருதுகிறேன்.

அவ்வாசிப்பைத் திருத்த ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஆயின. ஜார்க்கண்ட் மாநிலத்தில் 2019இல் தொடங்கிய ஓர் ஆராய்ச்சியில், 2,800 காசநோயாளிகளின் வீட்டாருள் ஒரு சாராருக்கு உணவுப் பொருள்கள் வழங்கிப் பார்த்தனர். வீட்டாருள் 10,345 பேரைப் பின்தொடர்ந்தனர். உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் தோன்றுவது நூற்றுக்கு 39 அளவு குறைந்தது என்று 2023இல் வெளியிட்டனர். இதற்கும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலே பொருள் உதவிற்று. வந்த நோயைப் போக்குவது மருந்து. வராமல் காப்பதில் உணவுக்குப் பெரும்பங்கு உண்டு. 1961இன் முடிவும் 2023இன் முடிவும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. அவை இரு வேறு கேள்விகளுக்கான விடைகள்.

ஐந்தாண்டுத் திட்டமாகத் தொடங்கிய சேத்துப்பட்டு நிலையம் பின்னர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நிலையான அமைப்பாயிற்று. காசநோய் ஆராய்ச்சி மையம் என்று பெயர் பெற்று, 2011இல் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் ஆனது. இங்கே ஒரே கூரையின் கீழ் இயல்பாக அமைந்ததைப் பிற நாடுகள் பின்னர்த் திட்டமிட்டுச் செய்ய வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் 2008இல் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் தேசிய சுகாதார ஆராய்ச்சி நிறுவனமும் கைகோத்து ஒரு மானியத் திட்டம் தொடங்கின. மருந்து பயன்படுகிறதா என்பதோடு, எவ்வாறு பயன்படுகிறது என்பதையும் ஆராய அது பணம் தந்தது. முன்பே நடந்துவரும் சிகிச்சைச் சோதனைகளோடு காரண ஆராய்ச்சியைப் பின்னர் இணைப்பதற்கும் மானியம் அளித்தது. முன்னே நான் சொன்ன இரு பைகளின் வாய்களையும் ஒன்றாகக் கட்டும் முயற்சி அது.

இதில் எதிர்வாதமும் உண்டு. அதனை மறைப்பது முறையாகாது. நோயாளி ஒருவர் சிகிச்சைக்கு இசைந்தார் என்றால், அவருடைய குருதியை எந்த ஆராய்ச்சிக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொருளில்லை. அதற்குத் தனி இசைவு வேண்டும். பிள்ளை பெறக் காத்திருப்பவளிடமும், காய்ச்சலில் கிடப்பவனிடமும் ஊசியை அடிக்கடி நீட்டுவது தகாது. எண்ணிக்கை குறைந்த சோதனையில் பத்துக் காரணங்களைத் தேடினால், தற்செயலாக ஒன்று பொருந்திப் பொய்யாகப் புகழ் பெறும். இவற்றையெல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்துத் தொடங்கினாலன்றிச் சேர்த்துக் கொடுக்கும் பணம் வீணே. ஐசோனயாசிட் ஆராய்ச்சி பயன் தந்ததற்குக் காரணம், கேள்வி ஒன்றே என்பதும், அது படுக்கையருகே கண்ட ஒரு புதிரிலிருந்து பிறந்தது என்பதுமாகும்.

மருந்து முறைகளும் பின்னர் மாறின. ரிபாம்பிசின் வந்தபின் சிகிச்சைக் காலம் ஆறு மாதமாகக் குறைந்தது. 1997இல் தொடங்கிய திருத்திய தேசியத் திட்டம் வாரம் மும்முறை, ஊழியர் கண்ணெதிரில் மருந்து என்பதை மேற்கொண்டது. அதன் வேர் சேத்துப்பட்டில்தான் இருந்தது. 2017இல் நாடெங்கும் மீண்டும் நாள்தோறும் மருந்து என்ற முறைக்கு மாறினர். காசநோயாளிக்கு உணவுக்காக மாதம் 500 ரூபாய் தரும் திட்டம் 2018இல் வந்தது. 2024 நவம்பரில் அத்தொகை 1,000 ரூபாயாக்கப்பட்டது. ஜெகதாப்பட்டினத்தில் இன்று ஒருவருக்கு இந்நோய் கண்டால், அவர் ஊரைவிட்டுப் போக வேண்டியதில்லை. மாத்திரைகளை வீட்டிலேயே உண்டு, உடம்பு தேறியபின் தம் முறை வரும் நாளில் கடலேறலாம். அவருடைய ஈரல் விரைவினத்தைச் சேர்ந்ததா, மெல்லியதா என்று அவரை யாரும் கேட்பதில்லை. இரு வகையினருக்கும் போதுமானதாகவே மருந்துகளின் சேர்க்கையும் அளவும் வகுக்கப்பட்டுள்ளன.